சாவுக்கு வராதவள்

ஓடுகிற பஸ்ஸில் வருகிற தூக்கம் எனக்குக் கட்டிலில் வராது. காரைக்காலில் ஏறி உட்கார்ந்தால் அரசலாற்றுப் பாலம் தாண்டும்வரைதான் கண் திறந்திருக்கும். பிறகு காற்றில் உப்பு குறையும், வயல் சேற்றின் வாசனை ஏறும். பயிரின் பச்சை இமைக்கு உள்ளே வந்து அசையும். கண்டக்டரின் விசில் பக்கத்து ஊரில் யாரோ ஊதுவது மாதிரி கேட்கும். வீடு இருக்கிற நெரவி ஒன்றும் தூரமில்லை. ஆனால் ஆள் சேரும்வரை ஸ்டாண்டில் நிற்பான், ரயில்வே கேட்டில் நிற்பான், கை காட்டுகிற இடத்திலெல்லாம் நிற்பான். எப்படியும் அரை மணி நேரமாக்கிவிடுவான். அந்த அரை மணி நேரத்தில் நான் யாருக்கும் பெண்டாட்டியில்லை, யாருக்கும் அம்மாவில்லை, எந்த மேசைக்கும் எழுத்தரில்லை. வாழ்க்கையில் நீ நிம்மதியாக இருந்தது எப்போது என்று யாராவது கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த டவுன் பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு தூங்கினேனே, அப்போதுதான்.

அவள் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். நெரவியில் இறங்கி நான் மேற்கே நடப்பேன், அவள் கிழக்கே நடப்பாள். சாயங்காலம் ஸ்டாண்டுக்கு அவள்தான் முதலில் வருவாள். பஸ் திரும்பும்போதே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டுவிடுவாள். நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை. நான் மூச்சு வாங்க ஏறி வந்தால் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு நகர்ந்து உட்காருவாள். "தூங்குங்கக்கா, எழுப்பிவிடுறேன்" என்பாள். ஏழெட்டு வருஷம் அப்படி எழுப்பிவிட்டாள்.

காரைக்காலில் கடைகளெல்லாம் மதியம் ஒரு மணிக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். பின்பக்கம் புங்கமரத்தடியில் ஒரு பெஞ்சு உண்டு. என் வேலை பிறப்பு, இறப்பு பதிவு. பழைய ஆட்கள் இன்னும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேரில் 'எத்தா சிவில்' எங்கே என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "இன்னைக்கு எத்தனை வரவு, எத்தனை போக்குக்கா?" என்று கேட்டுக்கொண்டே என் குழம்பில் கை வைப்பாள். தெருவே மூடிக் கிடக்கும். எங்கேயோ ஒரு மிக்ஸி ஓடி நிற்கும். சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பெஞ்சில் சாய்ந்து கிடப்போம்.

கல்யாணமாகி ஒன்பது வருஷமாக அவளுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். கேட்காதது இரக்கத்தினால் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. இவளுக்கு இனிமேல் எங்கே என்று நான் முடிவு கட்டியிருந்தேன். முடிவு கட்டின விஷயத்தை யார் கேட்பார்கள்?

முடிவு கட்டுவதில் நான் கெட்டிக்காரி. கோபமும் மூக்கு நுனியில் இருக்கும். எனக்கு ஒரு சட்டம் உண்டு. கல்யாணத்துக்கு வராதவர்களை மன்னிப்பேன், சாவுக்கு வராதவர்களை மன்னிக்க மாட்டேன். தெருக்குழாயில் என்னோடு குடுமிப்பிடிச் சண்டை போட்டவளின் மாமனார் செத்தபோதுகூட முதல் ஆளாகப் போய் நின்றேன். கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்து, காரியம் முடிந்த மறுவாரம் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தேன். சாவுக்கு வராதவர்கள் மனுஷ ஜென்மமே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் அம்மா இறந்தாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாள். பந்தலுக்கு மேலே தார்ப்பாய், கீழே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், காலெல்லாம் சேறு. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே வாசலைப் பார்த்தேன். அவள் வந்தால்தான் என் அழுகை முழுசாக வெளியே வரும் என்று இருந்தது. மதியத்துக்கு மேல் அவள் வீட்டுக்காரர் மட்டும் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவளுக்குக் காய்ச்சல்க்கா. எழுந்திருக்க முடியல."

சரி, பாவம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் தெருவிலிருந்து வந்த ஒருத்தி, மூக்கைச் சிந்திக்கொண்டே, "காய்ச்சலா? காலையில வாசல்ல நின்னு கீரைக்காரிகிட்ட பேரம் பேசிக்கிட்டுல்ல இருந்தா!" என்றாள். பொய்க் காய்ச்சல்! என் அம்மாவுக்குப் பொய்க் காய்ச்சல்! என் அம்மா அவளுக்கென்று எத்தனை நாள் தனியாக மீன் வறுத்துக் கொடுத்தனுப்பியிருப்பாள். பதினாறாம் நாள் காரியத்துக்காவது வருவாள் என்று பார்த்தேன். அதற்கும் வரவில்லை. அன்றைக்கு அவள் வீட்டுக்காரர்கூட வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பின அன்று சாயங்காலம் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் ஏற்கெனவே ஏறியிருந்தாள். இளைத்துப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவளுக்குப் பக்கத்து ஜன்னலோர இடத்தில் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை விரித்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தாள். வாயைத் திறந்தாள். நான் அந்தக் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போய், பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெரவி வரைக்கும் அந்த இடம் காலியாகவே வந்தது. யாராவது உட்காரப் போனால், "ஆள் இருக்கு" என்றாள். அது என் காதில் விழுந்தது. விழட்டும் என்று நின்றேன்.

மறுநாளிலிருந்து அலுவலகத்தில் சொல்லிவிட்டு அதற்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தேன். கொஞ்ச நாள் மதியத்தில் அவள் புங்கமரத்தடிக்கு வந்து பார்த்தாளாம். நான் உள்ளே பதிவேட்டுக்கு நடுவே டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டேன். பிறகு அவளும் வரவில்லை. மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் ஒருமுறை நேருக்கு நேர் வந்துவிட்டோம். மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறந்துகொண்டிருந்தன. பிள்ளை வரம் வேண்டுகிறவர்களோடு அவளும் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிலையிலும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் மாம்பழம் பிடிக்கிறவள் மாதிரி வானத்தைப் பார்த்தேன். இந்த வயசில் இவளுக்கு இன்னும் ஆசை விடவில்லை பார் என்று மனசுக்குள் சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

முந்தின பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜன்னலோரம் கிடைத்தால்கூட வரவில்லை. அந்த எட்டு வருஷத்தில் வீட்டுக்கு மாடி எடுத்தோம், மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் பண்ணினோம், வீட்டுக்காரருக்குச் சர்க்கரைகூடக் கட்டுக்குள் வந்தது. உனக்கென்னடி குறை என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணயர்ந்தால் ஒரே கனவுதான். அம்மாவின் பந்தல். மழை விட்டு மஞ்சள் வெயில். சாலையே இல்லாத வயலுக்கு நடுவே, பயிருக்கு மேலே மிதந்துகொண்டு ஒரு பஸ் வருகிறது. ஜன்னலில் அவள். பஸ் பந்தல் வாசலில் வந்து நிற்கிறது. கண்டக்டர் விசில் ஊதுகிறார். யாரும் இறங்கவில்லை. பஸ் மறுபடி பயிர் மேலே நகர்ந்து போய்விடுகிறது. விழித்துக்கொண்டால் கன்னம் நனைந்திருக்கும். அம்மாவுக்காக அழுகிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வருஷம் மகள் வந்திருந்தாள். நாள் தள்ளிப் போயிருந்தது. இரண்டு மாசம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று மாசம் முடிகிறவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, கண் பட்டுவிடும் என்று அவளிடமும் மாப்பிள்ளையிடமும் சத்தியம் வாங்காத குறை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. இறந்தது மகளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பெண்ணின் அம்மா. மகள் செய்தி கேட்டதும் ஓவென்று அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"அவ வீட்டுக்குத்தான். வேற எங்க?"

"வயித்துப் புள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போவாளா? அறிவிருக்கா உனக்கு? உக்காரு."

"அம்மா, அவ எனக்கு யாருன்னு உனக்குத் தெரியாதா? நான் போவலைன்னா அவ என்ன நெனப்பா?"

"என்ன வேணா நெனச்சுக்கட்டும்."

"ஏன் வரலைன்னு கேட்டா என்ன சொல்றது? மூணு மாசம் வரைக்கும் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னும் சொல்ற."

"காய்ச்சல்னு சொல்லு."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். திரும்பினவள் அப்படியே நின்றுவிட்டேன். காய்ச்சல்னு சொல்லு. என் வாயிலிருந்து வந்த வார்த்தை என் காதிலேயே வந்து விழுந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. மகள்தான் ஓடிவந்து அணைத்தாள். "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றாள். பொங்கின பாலைத் துடைக்காமல், கட்டியிருந்த புடவையோடு வாசல் தாண்டினேன்.

உச்சி வெயில். வாய்க்கால் கரையோடு கிழக்கே நடந்தேன். எதிரே தார்ச்சாலை நீர் மாதிரி பளபளத்தது. கொக்குகள் அசையாமல் நின்றன. நடக்கிறேனா, அந்தக் கனவுக்குள்ளேதான் இருக்கிறேனா என்று ஒரு கணம் தெரியவில்லை. ஐயோ, அவளுக்கும் அப்படி இருந்திருக்கக் கூடாது என்று ஒரு மனசு. அப்படித்தான் என்று இன்னொரு மனசு. ஊர் முழுக்கப் பிறப்பையும் இறப்பையும் எழுதுகிறவளுக்கு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவளைத் தெரியவில்லையே!

கதவை அவள்தான் திறந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு நொடிதான் தயங்கினாள்.

"வாங்கக்கா. வெயில்ல வந்திருக்கீங்களே." நேற்று மதியம் பெஞ்சிலிருந்து எழுந்து போனவளிடம் பேசுகிற மாதிரி சொன்னாள். மின்விசிறியைப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கட்டிலில் கிடந்த மடித்த துணிகளை நகர்த்தி எனக்கு இடம் செய்தாள். நான் உட்காரவில்லை.

"ஏ புள்ள, எங்கம்மா செத்தப்ப உனக்கு நாள் தள்ளிப் போயிருந்துச்சா?"

சொம்பு அவள் கையிலேயே இருந்தது.

"யாருக்கா சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. சொல்லு நீ."

"அம்பத்தஞ்சு நாள்" என்றாள். எட்டு வருஷத்துக்குப் பிறகும் நாள் கணக்கு நாக்கு நுனியில் இருந்தது. "அத்தை வெளியிலயே விடல. அவங்கள மட்டும் சொல்லக் கூடாது, எனக்கும் பயந்தான். ஒம்பது வருஷம் கழிச்சு வந்ததுல்ல. மூணு மாசம் ஆவட்டும், மொத ஆளா உங்ககிட்ட சொல்லணும்னு வச்சிருந்தேன்."

"அப்புறம்?"

"உங்க அம்மா பதினாறு அன்னைக்குக் காலையில." சொம்பைக் கீழே வைத்தாள். "தங்கலக்கா."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? இருந்ததே யாருக்கும் தெரியாது. போயிடுச்சுன்னு எப்படிச் சொல்றது? சொல்லலாம்னுதான் அன்னைக்கு பஸ்ஸுல கைக்குட்டை போட்டு வச்சேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, அழாமல், ஏதோ பழைய பில்லைப் படிக்கிறவள் மாதிரி சொன்னாள்: "டாக்டரம்மா அப்புறம் சொன்னாங்க. நீ எங்க போயிருந்தாலும் போவாட்டியும் இது நின்னுருக்காது, அதோட கோளாறு அப்படின்னு. அப்பதான் எனக்கு ஆத்தாமையா போச்சு. வந்தே இருந்திருக்கலாம்க்கா. அம்மா மொகத்தை ஒரு தடவை பாத்திருக்கலாம்."

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்து இறக்கினாள். மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. பிறந்ததற்கு என்னிடம் ஒரு பதிவேடு இருக்கிறது, இறந்ததற்கு ஒன்று இருக்கிறது. அவளுடையது இரண்டிலும் வராது. பதிவேடு பார்த்துத்தான் துக்கம் கேட்பது என்று நான் பழகிவிட்டிருந்தேன் போலிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பினபோது மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை நான் சாவு வீட்டுக்கு அனுப்பவில்லை. இவ்வளவு தெரிந்த பிறகும் அனுப்பவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். பயம் ஒரே நாளில் போய்விடுமா? ஆனால் நான் மட்டும் போனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். அவள் அழுதுகொண்டே என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவள் காதில் வாயை வைத்துச் சொன்னேன்.

"அவ முழுகாம இருக்கா, கண்ணு. ரெண்டு மாசம். யாருக்கும் சொல்லல, உனக்கு மட்டும் சொல்றேன். நான்தான் அவளை விடல. அழுதுக்கிட்டு கிடக்கா."

அந்தப் பெண் என் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா பிணமாகக் கிடக்கிறாள், இருபத்தாறு வயசு, அழுகைக்கு நடுவிலே சொல்கிறாள்: "அவளை வர வேணாம்னு சொல்லுங்கம்மா. நல்லா சாப்பிடச் சொல்லுங்க." பிறகுதான் அவளுக்கு முழு அழுகை வந்தது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் பேசாமல் எழுந்து வந்தேன். வீட்டுக் கொல்லையில் மகள் வெந்நீர் போட்டு, துண்டும் மாற்றுப் புடவையும் கொடியில் வைத்திருந்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு அவளிடம் போய், அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். அவள் என் மடியில் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் பழைய பஸ்ஸுக்குப் போனேன். அவளுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று கொஞ்சம் சீக்கிரமே கிளம்பினேன். பஸ் திரும்பும்போதே ஜன்னல் வழியாக என் கைக்குட்டையைப் போட்டேன். பழக்கமில்லாத கை, முதல் தடவை கீழே விழுந்து, பொறுக்கி மறுபடி போட்டேன். காலேஜ் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவள் ஏறி வந்து, கைக்குட்டையைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். பாலம் தாண்டியது. ஆற்றில் வெயில் சாய்ந்திருந்தது. உப்புக் காற்று குறைந்து வயல் வாசனை ஏறியது. எனக்குத் தூக்கம் வரும் போலிருந்தது. அவள் தலை மெல்ல என் தோளில் வந்து சாய்ந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

கேட் மூடியிருந்தது. டிரைவர் என்ஜினை நிறுத்தினான். சுற்றிலும் பயிர் அசைகிற சத்தம் மட்டும். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா கடைசியா என்னக்கா சொன்னாங்க?"

எட்டு வருஷம் கழித்துத் துக்கம் கேட்கிறாள். சொன்னேன். கஞ்சி கேட்டதைச் சொன்னேன், ஆற்றுவதற்குள் கை சில்லிட்டதைச் சொன்னேன். அன்றைக்குப் பந்தலில் யாரிடமும் வராத அழுகை அந்தப் பஸ்ஸில் வந்தது. அவள் என் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகு, யாருமே அவளிடம் கேட்டிராததை நான் கேட்டேன்.

"உன்னோடதைச் சொல்லு, புள்ள. அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சு?"

ரயில் போய்விட்டது, கேட் ஏறியது, பஸ் கிளம்பியது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். பிறகு என் மடியில் கிடந்த கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, "பேரெல்லாம்கூட வச்சிருந்தேன்க்கா" என்றாள்.